விண்வெளிக் கடைத்தெருவில் நாணயம்: இணைய விளையாட்டுகளில் குற்றமும் நற்பெயரும்

தமிழில் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் கையிலிருக்கும் காசையும் குறிக்கும், ஆளிடம் இருக்கும் நேர்மையையும் குறிக்கும். ‘நாணயமான மனுஷன்’ என்று ஒருவரைச் சொன்னால் அவரிடம் பணம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அவரை நம்பிப் பணம் கொடுக்கலாம் என்று அர்த்தம். வியாபாரத்தில் முதல் நாணயம் தீர்ந்து போனாலும் இரண்டாவது நாணயம் இருந்தால் மறுபடி கடை திறக்கலாம். இரண்டாவது போய்விட்டால் முதலாவது எவ்வளவு இருந்தும் நிலைக்காது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது நாணயத்தைப் பற்றியதுதான். ஆனால் களம் நம் கடைத்தெரு அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகள் ராத்திரி கணிப்பொறி முன் உட்கார்ந்து ஓட்டுகிற விண்வெளிக் கப்பல்களின் உலகம்.

‘இது பிள்ளை விளையாட்டு, மலரில் இதற்கு எதற்குப் பக்கம்?’ என்று பெரியவர்கள் கேட்கலாம். நானும் என் மகள் வயிற்றுப் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது அப்படித்தான் ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்கத்தான் விஷயம் புரிந்தது. உலகத்தின் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அங்கே சரக்கு வாங்குகிறார்கள், விற்கிறார்கள், வழிப்பறி செய்கிறார்கள், வங்கி நடத்துகிறார்கள், வங்கியைச் சுருட்டிக்கொண்டும் ஓடுகிறார்கள். அங்கே சட்டம் எழுதுகிறவர்கள் ஒரு சட்டத்தைப் போட்டு, அது எங்கே ஓட்டையாகிறது என்று பார்த்து, அடுத்த வருஷமே மாற்றி எழுதுகிறார்கள். நிஜ உலகில் எந்த அரசாங்கமும் இவ்வளவு சுலபமாகத் தண்டனைச் சட்டத்தைப் பரிசோதிக்க முடியாது. எனவே குற்றம், தண்டனை, நற்பெயர் மூன்றும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க இது நல்ல பரிசோதனைச் சாலை.

1984: ஒரே எண்ணில் ஒரு மனிதன்

இந்த வகை விளையாட்டுக்கு மூல புருஷன் ‘எலைட்’. டேவிட் பிராபன், இயன் பெல் என்ற இரண்டு இங்கிலாந்து இளைஞர்கள் 1984ல் பிபிசி மைக்ரோ கணிப்பொறிக்காக எழுதியது. ஆடுகிறவர் ஒரு சின்ன வியாபாரி. ஒரு கிரகத்தில் மலிவாக வாங்கி இன்னொரு கிரகத்தில் கூடுதலுக்கு விற்க வேண்டும். போதைப்பொருள், ஆயுதம், அடிமைகள் ஆகிய மூன்றும் தடை செய்யப்பட்ட சரக்கு. லாபம் அதிகம், மாட்டிக்கொண்டால் பெயர் கெடும். பெயருக்கு மூன்றே நிலைதான்: சுத்தமானவர், குற்றம் புரிந்தவர், தேடப்படுபவர்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. ஒரு கிரகத்தில் செய்த தப்புக்கு எங்கே போனாலும் அதே பட்டம். அதோடு ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு தடவையும் குற்றக் கணக்கு பாதியாகக் குறையும். நாலைந்து ஊர் சுற்றிவிட்டு வந்தால் ஆள் சுத்தம்! ஒருவர் மட்டும் தனியாக ஆடுகிற விளையாட்டு என்பதால் அது போதுமாயிருந்தது. எதிரே இருப்பதும் பறிகொடுப்பதும் நிஜ மனிதர்கள் என்று ஆனபோதுதான் கேள்வி கடினமாயிற்று.

ஈவ் ஆன்லைன்: மூன்று வகை நிலம்

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் உள்ள சிசிபி என்ற கம்பெனி 2003 மே மாதம் ‘ஈவ் ஆன்லைன்’ விளையாட்டை வெளியிட்டது. சீனாவைத் தவிர்த்து உலகத்தார் எல்லோரும் ஒரே பிரபஞ்சத்தில் ஆடுகிறார்கள். அதன் பெயர் நியூ ஈடன். 5,000க்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள் அதில் உண்டு. நாணயத்தின் பெயர் இஸ்க். ஐஸ்லாந்தின் சொந்தக் காசுக்கு உலகச் சந்தையில் உள்ள சுருக்கமும் அதுவே. கப்பல், தோட்டா, பீரங்கி என்று அங்கே புழங்கும் பொருள்களில் பெரும்பகுதி ஆடுகிறவர்களே தாது வெட்டி, உருக்கி, தயாரித்து விற்பவை. கப்பல் அழிந்தால் அழிந்ததுதான். ஓட்டுநர் வேறு உடலில் எழுந்துகொள்வார். கப்பலும் சரக்கும் திரும்பி வரா. 2007ல் இந்தப் பொருளாதாரத்தைக் கவனிக்கவென்றே ஒரு பொருளாதார நிபுணரைக் கம்பெனி வேலைக்கு வைத்தது. அவர் பிற்பாடு ஐஸ்லாந்தின் அக்குரேரி பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார்.

ஒவ்வொரு மண்டலத்துக்கும் பாதுகாப்பு எண் உண்டு. 0.5 முதல் 1.0 வரை காவல் மிகுந்த நிலம். 0.1 முதல் 0.4 வரை அரைகுறைக் காவல். 0.0ம் அதற்குக் கீழும் காவலே இல்லாத காடு. அங்கே யார் பலசாலியோ அவர் வைத்ததுதான் சட்டம். காவல் குறையக் குறைய வருமானம் கூடும். எங்கே கடை போடுவது என்பது அவரவர் துணிச்சல்.

காவலர் வருவார், காப்பாற்ற மாட்டார்

காவல் மிகுந்த நிலத்தில் ‘கான்கார்ட்’ என்ற காவல் படை இருக்கிறது. ஒருவர் காரணமில்லாமல் இன்னொருவரைச் சுட்டால் சில வினாடிகளில் அது வந்து சுட்டவரின் கப்பலை அழித்துவிடும். 1.0 மண்டலத்தில் சுமார் 6 வினாடி, 0.5ல் சுமார் 20 வினாடி. லஞ்சம் செல்லாது, தப்பவும் முடியாது. ஏதாவது தந்திரம் செய்து தப்பினால் அதையே விதிமீறலாகக் கருதிக் கம்பெனி நடவடிக்கை எடுக்கும்.

இதைக் கேட்டதும் ‘ஆஹா, ராமராஜ்யம்’ என்று தோன்றும். ஆனால் கவனியுங்கள்: கான்கார்ட் தண்டிக்கும், தடுக்காது. அந்த 20 வினாடிக்குள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சரக்குக் கப்பலை உடைத்துவிடலாம். பத்துப் பேர் கப்பலும் போகும். ஆனால் உடைந்த கப்பலிலிருந்து சிதறும் சரக்கை, கூட்டாளி ஒருவர் ஓரமாக நின்று அள்ளிக்கொண்டு போவார்.

தண்டனை நிச்சயம் என்று தெரிந்தும் ஏன் செய்கிறார்கள்? தண்டனை நிச்சயமாக இருப்பதனால்தான்! நிச்சயமான தண்டனை என்பது நிச்சயமான செலவு. செலவு தெரிந்துவிட்டால் அது வியாபாரக் கணக்காகிவிடுகிறது. கப்பல் உடையும்போது ஏறக்குறைய பாதிச் சரக்கு அழிந்து பாதி மிஞ்சும். ஆகவே வழிப்பறிக்கு இழக்கும் மலிவுக் கப்பல்களின் மொத்த விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஒருவர் சரக்கு ஏற்றிப் போனால், அவரைக் கொள்ளையடிப்பது லாபம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1968ல் குற்றத்தையும் தண்டனையையும் இப்படி வரவு செலவாகவே பார்த்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அவர் ஏட்டில் எழுதியதை இங்கே பிள்ளைகள் கூட்டல் கழித்தலாகப் போடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 2011 வரை, கான்கார்ட் அழித்த கப்பலுக்கும் இன்சூரன்ஸ் பணம் கிடைத்தது. அதாவது கொள்ளையடிக்கப் போய் போலீஸிடம் அடிபட்டவனுக்கு நஷ்ட ஈடு! அந்த வருஷக் கடைசியில் அதை நிறுத்தினார்கள். கொள்ளை ஒழிந்துவிடவில்லை, அதன் அடக்க விலை ஏறியது. ஏழைக் கப்பல்களை விட்டுவிட்டுப் பணக்காரக் கப்பல்களைத் தேட வேண்டியதாயிற்று. சட்டத்தால் ஆகக் கூடியது பெரும்பாலும் இவ்வளவுதான்.

தலைக்கு விலை வைத்த கதையும் அப்படியே. ‘இன்னாரைக் கொன்றால் இவ்வளவு’ என்று முன்பு யாரும் பணம் கட்ட முடிந்தது. நடந்தது என்ன? விலை வைக்கப்பட்டவரே தன் சிநேகிதனை விட்டுத் தன்னைக் கொல்லச் சொல்லி அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டார். 2012 டிசம்பரில் சட்டத்தை மாற்றினார்கள்: அழிந்த கப்பல் மதிப்பில் 20 சதவீதம் மட்டுமே பரிசு. 100 ரூபாய் கப்பலைத் தொலைத்து 20 ரூபாய் வாங்க எவனும் சம்மதிக்க மாட்டான். பரிசை விட நஷ்டம் எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும் என்ற ஒரே வரித் திருத்தம் பழைய ஓட்டையை அடைத்தது.

ஒரு ஆள், பல பேரேடுகள்

எலைட்டில் ஒரே எண் என்று சொன்னேன். ஈவ் அதைப் பிரித்துவிட்டது. கான்கார்டிடம் ஒரு கணக்கு: பிறரை அக்கிரமமாகத் தாக்கத் தாக்க அது இறங்கும். −5க்குக் கீழே போனால் ஆள் சட்டத்துக்கு வெளியே போனவர்; அவரை யாரும் எங்கேயும் சுடலாம், சுட்டவர்மேல் குற்றமில்லை. இது தவிர நான்கு பேரரசுகளிடமும் நூற்றுக்கணக்கான கம்பெனிகளிடமும் தனித்தனிக் கணக்கு. ஒரு பேரரசுக்கு உழைத்தால் அதன் பகையாளியிடம் பெயர் குறையும். இதற்கும் மேலே, ஆடுகிறவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் தாங்களே வைத்துக்கொள்ளும் குறிப்பு: நண்பனுக்கு நீலம், பகைவனுக்குச் சிவப்பு.

இதுதான் சரியான முறை என்பது என் கருத்து. கடையில் நாங்களும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். ‘இவன் நல்லவனா கெட்டவனா’ என்று பேரேடு கேட்காது. ‘எனக்கு இவன் எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாகப் பாக்கி’ என்றுதான் கேட்கும். எனக்குத் தவறாமல் பணம் கட்டுகிற ஒருவர் பக்கத்துக் கடைக்காரரை இழுத்தடிக்கலாம். அது எனக்கு ஒரு எச்சரிக்கை. ஆனால் என் பேரேட்டில் அவர் பாக்கியில்லை. எல்லோருடைய கணக்கையும் கூட்டி ஒரே எண்ணாக நெற்றியில் ஒட்டினால் அது வசதிதான், நியாயம் ஆகாது. அந்த எண்ணை ஏமாற்றுவதும் சுலபம்: நாலு பேரிடம் நல்ல பெயர் வாங்கி அந்தப் பெயரை வைத்து ஐந்தாவது ஆளைக் கவிழ்க்கலாம்.

கெட்ட பெயரை விலைக்குக் கழுவலாமா?

பெயர் கெட்டவனுக்குத் திரும்பி வர வழி வேண்டும். வழியே இல்லையென்றால் ஒருதரம் தப்பு செய்தவன் அதன்பின் தப்பையே தொழிலாக வைத்துக்கொள்வான். ஈவில் பழைய வழி உழைப்பு: கணிப்பொறியே ஓட்டும் கொள்ளைக் கப்பல்களை நாள் கணக்காக வேட்டையாடினால் எண் மெல்ல ஏறும். 2013ல் இன்னொரு வழியும் வந்தது. அப்படிப்பட்ட சில கொள்ளையரிடம் கிடைக்கும் அடையாளத் தகடுகளைக் கொண்டுவந்து கொடுத்துத் தண்டமும் கட்டினால் உடனே எண் ஏறும். அந்தத் தகடுகள் சந்தையில் விலைக்குக் கிடைக்கும்.

இதற்கு ஆதரவாகவும் சொல்ல இடமுண்டு. தகடு சந்தைக்கு வர யாரோ ஒருவர் ஆபத்தான பகுதிக்குப் போய்ப் போராடியிருக்கிறார். அவருக்கு இது பிழைப்பு. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. கொள்ளையில் வந்த பணத்தாலேயே கொள்ளைக்காரன் என்ற பெயரைக் கழுவ முடிந்தால், பெயர் கெடுவதும் செலவுப் பட்டியலில் இன்னொரு வரியாகிவிடுகிறது.

2014ல் வந்த ‘எலைட் டேஞ்சரஸ்’ (பழைய எலைட்டின் வாரிசு) இதே சிக்கலில் மாட்டியது. முதலில் குற்றத் தொகை ஓட்டுநரின் பெயரில் இருந்தது. குற்றவாளி என்ன செய்தான்? விலையுயர்ந்த கப்பலைப் பத்திரமாக நிறுத்திவிட்டு, ஓட்டை உடைசல் கப்பல் ஒன்றில் ஏறி, சிநேகிதனிடம் சுடச் சொன்னான். கணக்கு தீர்ந்தது! 2018ல் குற்றத் தொகையைக் குற்றம் செய்த கப்பலோடு சேர்த்துக் கட்டினார்கள். கூடவே 0 முதல் 10 வரை ‘கெட்ட பெயர்’ எண் ஒன்றும் வைத்தார்கள். அது காசுக்குக் குறையாது. விளையாட்டில் இருக்கும் நேரத்தில் 2 மணிக்கு ஒரு புள்ளி வீதம்தான் இறங்கும். அது இறங்குகிற வரை பணம் கட்டித் தொகையைத் தீர்க்கவும் முடியாது. காசு அவசரக்காரன், காலம் அப்படியல்ல. பெயரைக் கழுவக் காலத்தைக் கேட்டது நல்ல திருத்தம்.

புதுப் பெயரில் பழைய ஆள்

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை இது: பெயர் கெட்டால் புதுப் பெயர் வைத்துக்கொள்வது. ஈவில் ஒரு கணக்குக்கு மூன்று வேடங்கள் வைத்துக்கொள்ளலாம். கணக்குகளையும் பல வைத்துக்கொள்ளலாம். ஒரு வேடம் நேர்மையாகக் கடை நடத்தும், இன்னொன்று வழிப்பறி செய்யும், இரண்டுக்கும் கை ஒன்றுதான். வழிப்பறி வேடத்தின் பெயர் கெட்டதும் அதை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்துகொள்வதைக் கம்பெனி விதி போட்டுத் தடுத்திருக்கிறது.

எரிக் ஃபிரீட்மன், பால் ரெஸ்னிக் என்ற இரண்டு அறிஞர்கள் 2001ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பெயர் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் அதன் விலையைக் கொடுப்பவர்கள் புதிதாக வரும் நல்லவர்கள் என்பது அதன் சாரம். புது ஆள் யாராயிருந்தாலும் ‘பழைய திருடனாக இருப்பானோ’ என்ற சந்தேகத்தை அனுபவித்துத்தான் ஆக வேண்டும்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். 1985ல் இந்த ஊருக்கு நான் பாத்திர வியாபாரத்துக்கு வந்தபோது முதல் ஒரு வருஷம் ரொக்கத்துக்குத்தான் சரக்கு கொடுத்தார்கள். அடுத்த வருஷம் ஏழு நாள் தவணை. அப்புறம்தான் ஒரு மாதம். யார்மேலும் எனக்கு வருத்தமில்லை. பெயரில்லாதவன் கொடுக்கிற நுழைவுக் கட்டணம் அது. ஈவிலும் அதேதான். ஒவ்வொருவரும் இதுவரை எந்தெந்தக் கம்பெனியில் இருந்தார், எத்தனை நாள் இருந்தார் என்ற பட்டியலை யாரும் பார்க்கலாம். நேற்று பிறந்த பெயருக்கு யாரும் கிடங்குச் சாவி கொடுப்பதில்லை.

சட்டம் கைவிட்ட இடம்

அப்படியும் ஏமாறுகிறார்கள். ஈவில் ஏமாற்று வியாபாரம் குற்றமே அல்ல, கம்பெனி தலையிடாது. 2005ல் ஒரு கூலிப்படைக் குழு எதிரியின் நிறுவனத்துக்குள் வேலைக்காரர்களாக நுழைந்து, ஏறக்குறைய ஒரு வருஷம் விசுவாசமாக நடித்து, ஒரே நாளில் தலைவியைக் கொன்று கிடங்குகளையும் காலி செய்தது. 2006ல் ஒரு ‘வங்கி’ நடத்தியவர் பலருடைய சேமிப்பைச் சுருட்டிக்கொண்டு மறைந்தார். 2009ல் இன்னொரு வங்கியை நடத்தியவர் சுமார் 20,000 கோடி இஸ்க்கை எடுத்து வெளியே நிஜப் பணத்துக்கு விற்றார். கம்பெனி அவரை வெளியேற்றியது திருடியதற்காக அல்ல, விளையாட்டுக் காசை நிஜக் காசாக மாற்றியதற்காக!

இங்கே காவலர் இல்லை, நீதிமன்றம் இல்லை. மிஞ்சியது நாலு பேர் பேச்சுதான். அது போதுமா? 11ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலில் வியாபாரம் செய்த மக்ரிபி யூத வணிகர்களைப் பற்றி அவ்னர் கிரைஃப் என்ற பொருளாதார அறிஞர் 1989ல் எழுதினார். கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக் கூடத்தில் கிடைத்த கடிதங்கள்தான் அவருக்கு ஆதாரம். கடல் தாண்டி ஏஜெண்ட் வைத்து வியாபாரம். ஒருவரை ஒரு ஏஜெண்ட் ஏமாற்றினால் கடிதம் மூலம் செய்தி பரவும், அந்தக் கூட்டத்தில் ஒருவரும் அவருக்கு வேலை தர மாட்டார்கள். இந்த விளக்கத்தை மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனாலும் கருத்து தெளிவானது: செய்தி பரவ வேண்டும், பரவியபின் எல்லோரும் சேர்ந்து கதவை மூட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கெட்ட பெயருக்குப் பல் இல்லை.

நம்பிக்கையே தேவைப்படாத ஏற்பாடு ஒன்றும் ஈவில் உண்டு. சரக்கை இன்னொருவர் கப்பலில் அனுப்பினால், எடுத்துப் போகிறவர் சரக்கின் மதிப்புக்கு ஈடாக முன்பணம் கட்ட வேண்டும். சேர்ப்பித்தால் ஈடும் கூலியும் அவருக்கு; சேர்ப்பிக்காவிட்டால் ஈட்டுத் தொகை சரக்குக்காரருக்கு. முன்பின் தெரியாத இருவர் இதனால் தைரியமாக வியாபாரம் செய்யலாம். எங்கே ஈடு வாங்க முடியுமோ அங்கே ஈடு வாங்குவது உத்தமம்.

பறிகொடுத்தவனுக்கு என்ன?

இவ்வளவு சட்டத்திலும் ஒரு ஆளை மறந்துவிட்டோம். கான்கார்ட் திருடனின் கப்பலை அழிக்கிறது. பறிகொடுத்தவருக்கு ஒரு காசு தருவதில்லை. அவருக்குக் கிடைப்பது 30 நாள் செல்லும் பழிவாங்கும் உரிமை. தாக்கியவரைத் தேடிப் போய், காவலரின் இடையூறில்லாமல் சுடலாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமையைப் பிறருக்கு விலை வைத்தும் திறந்துவிடலாம். குற்றம் யாருக்குச் செய்யப்பட்டதோ அவருக்குக் கடன்பட்டது என்பதை இது ஒப்புக்கொள்கிறது. ஆனால் சண்டையே தெரியாத ஒரு சரக்குக்காரருக்கு அந்தக் காகிதத்தால் என்ன பயன்?

இங்கே சிலப்பதிகாரம் ஞாபகம் வருகிறது. புகார் நகரத்து வெள்ளிடை மன்றத்தை இளங்கோவடிகள் இந்திர விழவு ஊரெடுத்த காதையில் வர்ணிக்கிறார். பெயரும் அளவும் எழுதப்பட்ட மூட்டைகள் பூட்டுமில்லாமல் காவலுமில்லாமல் குவிந்திருக்கும். திருடன் ஒருவன் எடுத்தால் மூட்டை அவன் தலையில் பாரமாக ஏறி அவனைச் சுற்றிச் சுற்றி நடக்க வைக்குமே தவிர, எடுத்துப் போக விடாது. அது கவியின் கற்பனையாகவே இருக்கட்டும். அந்தக் கற்பனையில் உள்ள நீதியைப் பாருங்கள்: திருடனின் உயிருக்கு ஆபத்தில்லை, எல்லோர் முன்னும் அவமானம் உண்டு, உடையவருக்குச் சரக்கு மிஞ்சுகிறது. கான்கார்டுக்கு வாய்க்காத மூன்றும் அங்கே வாய்த்திருக்கின்றன.

எப்படி இருக்க வேண்டும்?

இதுவரை பார்த்ததைச் சுருக்கி, ஒரு வியாபாரியின் கண்ணோட்டத்தில் ஐந்து விதிகளாகச் சொல்கிறேன்.

1. குற்றம் சாத்தியமாக இருக்க வேண்டும். ஏமாற்றவே முடியாத உலகில் நேர்மைக்கு மதிப்பில்லை; ஆபத்தில்லாத பாதையில் சரக்கேற்றிப் போகக் கூலியும் கிடைக்காது.

2. குற்றத்தின் செலவு வரவை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். இன்சூரன்ஸ், தலை விலை போன்ற பின்வாசல்களை முதலில் மூட வேண்டும்.

3. பெயர் ஒரே எண்ணாக இருக்கக் கூடாது. யாரிடம் என்ன பாக்கி என்று தனித்தனிப் பேரேடு வேண்டும்.

4. திரும்பி வர வழி வேண்டும். அந்த வழி காலத்தாலும் உழைப்பாலும் ஆனதாக இருக்க வேண்டும். காசு கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தக் காசு பறிகொடுத்தவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

5. பெயரை உதறிவிட்டு ஓடுவது சிரமமாக இருக்க வேண்டும். அதே சமயம் புதிதாக வருகிறவருக்குக் கதவு சிறிதாவது திறந்திருக்க வேண்டும். ஈடும் குறுகிய தவணையும் அதற்கு உதவும்.

நான்காவது விதியின் பின்பாதிதான் நானறிந்தவரை ஈவில் இல்லாதது, அவசியம் வர வேண்டியது. 2008 முதல் அங்கே ஆடுகிறவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மன்றம் ஒன்று உண்டு; கம்பெனிக்கு யோசனை சொல்லும். இதைப் போன்ற யோசனையை அங்கே கொண்டுபோக நம் பிள்ளைகளாலும் முடியும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பையன் முகம் வாடி ‘என் கப்பல் போச்சு’ என்று சொன்னால் ‘அது நிஜமில்லையே’ என்று தள்ளிவிடாதீர்கள். கப்பல் நிஜமில்லாமல் இருக்கலாம். அதற்காக அவன் செலவிட்ட மாதங்கள் நிஜம், ஒருவனை நம்பியது நிஜம், ஏமாற்றியவன் எங்கேயோ உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதன். யாரை எதற்காக நம்பினான் என்று கேளுங்கள். அவனே வேறொருவர் கப்பலைப் பறித்துவிட்டுச் சந்தோஷமாக வந்தால், அப்போதும் உட்கார வைத்துக் கேளுங்கள்: அந்த மனுஷன் இப்போது உன் பெயரை எந்த நிறத்தில் எழுதி வைத்திருப்பான்?